தொடர்தல்: துருவ ஆய்வுத் திட்டங்களை ஒரு பிரதியாக வாசிப்பது

1

அரசாங்கத்தின் திட்ட அறிக்கைகளுக்கு யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. நாவலுக்கு எழுதுகிறோம், கவிதைத் தொகுப்புக்கு எழுதுகிறோம், ஓடிடியில் வரும் சுமாரான தொடருக்குக்கூட நாலாயிரம் சொற்கள் எழுதுகிறோம். ஒரு நாடு பூமியின் ஒரு மூலையைப் பற்றி என்ன நினைக்கிறது, அங்கே என்ன செய்யப்போகிறது என்று சொல்லும் ஆவணத்துக்குக் கிடைப்பது ஒருநாள் செய்தி. அப்புறம் அது அமைச்சகத்தின் இணையதளத்தில் ஒரு பி.டி.எஃப். ஆகக் கிடக்கும். இதையெல்லாம் யார் படிக்கப்போறாங்க என்ற எண்ணம் எழுதுகிறவர்களுக்கே இருக்கும் போலிருக்கிறது. அது அவர்களுடைய நடையில் தெரிகிறது.

நான் சொல்ல வருவது 2022 மார்ச் 17 அன்று புவி அறிவியல் அமைச்சகம் வெளியிட்ட இந்தியாவின் ஆர்க்டிக் கொள்கையைப் பற்றி. ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம். இதற்கு ஒரு முன்வரைவும் உண்டு. 2021 ஜனவரியில் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்பட்டது. வரைவில் ஐந்து தூண்கள் இருந்தன. இறுதி வடிவில் ஆறு. அறிவியலும் ஆய்வும், காலநிலையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும், பொருளாதார மற்றும் மனிதவளக் கூட்டுறவு, போக்குவரத்தும் இணைப்பும், ஆளுகையும் சர்வதேச ஒத்துழைப்பும், தேசியத் திறன் வளர்ப்பு. இதில் இரண்டாவது, அதாவது காலநிலை, வரைவில் தனித் தூணாக இல்லை. ஓராண்டு இடைவெளியில் புதிதாக எழுந்து நின்றிருக்கிறது. ஒரு நாவலின் இரண்டு பதிப்புகளுக்கு நடுவே ஒரு முக்கியக் கதாபாத்திரம் முளைத்தால் விமர்சகர்கள் சும்மா விடுவார்களா?

என் தொழில் மென்பொருள். திட்ட வரைபடம், காலாண்டு இலக்கு, வெளியீட்டுக் குறிப்பு என்று வருஷம் முழுக்க இந்த மாதிரி ஆவணங்களோடுதான் வாழ்க்கை. அதனால் எனக்கு இந்த உரைநடை வகையில் கொஞ்சம் காது பழகியிருக்கிறது. எந்த இடத்தில் எழுதியவருக்கு விஷயம் தெரியும், எந்த இடத்தில் இடத்தை நிரப்பினார் என்பது வினைச்சொல்லைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். இந்தக் கட்டுரையில் நான் செய்யப்போவது அவ்வளவுதான். துருவத் திட்டங்களின் வினைச்சொற்களைப் பார்ப்பது.

2

முதலில் தொடக்கம். ஆர்க்டிக்கோடு இந்தியாவின் உறவு 1920 பிப்ரவரியில் பாரீஸில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தில் ஆரம்பிப்பதாக ஆவணம் சொல்கிறது. சட்டப்படி இது சரி. அந்த ஒப்பந்தத்தால்தான் 2008 ஜூலையில் நம்மால் ஸ்வால்பார்டின் நீ-ஓலசுண்ட் ஊரில் 'ஹிமாத்ரி' நிலையத்தைத் திறக்க முடிந்தது. ஆனால் 1920இல் கையெழுத்திட்டது எந்த இந்தியா? பிரிட்டிஷ் பேரரசின் ஒரு பகுதியாக இருந்த இந்தியா. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் துருவத்தைப் பற்றிய இந்திய ஆர்வம் என்று எதுவும் இல்லை. ஆவணம் அதை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறது.

காலனிக் காலத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்றால், துருவம் என்று பொதுவாக எடுத்துக்கொண்டால், இன்னொரு தொடக்கத்தைத் தேர்ந்திருக்கலாம். ஜார்ஜ் சிம்ப்சன் என்று ஒருவர். 1906 முதல் சிம்லாவில், இந்திய வானிலைத் துறையில் வேலை பார்த்தவர். பருவமழையைக் கணிக்கப் பாடுபட்ட கில்பர்ட் வாக்கரின் கீழ். 1910இல் ராபர்ட் ஸ்காட் தென்துருவத்துக்குக் கிளம்பியபோது அந்தக் குழுவின் வானிலையாளராகப் போனவர் இவர்தான். கேப் எவன்ஸ் முகாமில் உட்கார்ந்து வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் வேகம் என்று குறித்துக்கொண்டே இருந்தார். பலூன்களை மேலே அனுப்பினார். 1912இல் சிம்லா அலுவலகத்துக்கு அவர் தேவைப்பட்டதால் திரும்பிவிட்டார். அவர் போன பிறகும் சகாக்கள் குறித்துக்கொண்டே இருந்தார்கள்.

அதே 1912 மார்ச்சில் ஸ்காட்டும் கூட வந்தவர்களும் திரும்பும் வழியில் இறந்தார்கள். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு உலகம் பேசியது அந்த மரணத்தைப் பற்றித்தான். வீரமா, முட்டாள்தனமா என்று இன்றும் சண்டை ஓயவில்லை. 2001இல் சூசன் சாலமன் என்ற வளிமண்டல வேதியியலாளர் 'தி கோல்டஸ்ட் மார்ச்' என்ற நூலில் சிம்ப்சனின் பழைய அளவீடுகளை எடுத்து, பிற்காலத்தில் அதே பனிவெளியில் நிறுத்தப்பட்ட தானியங்கி வானிலை நிலையங்களின் தரவோடு ஒப்பிட்டார். அந்த மார்ச் மாதக் குளிர் வழக்கத்தைவிட மிகக் கடுமையாக இருந்திருக்கிறது என்று காட்டினார். ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் கழித்து அந்த எண்களுக்கு வேலை வந்தது. சிம்ப்சன் குறித்தபோது இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

துருவ ஆய்வின் வரலாற்றைக் கையெழுத்திலிருந்து தொடங்குவதா, அளவீட்டிலிருந்து தொடங்குவதா என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எதைத் தொடக்கம் என்று சொல்கிறோமோ அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்போம் என்பதுதான் என் சந்தேகம்.

3

தூண்களுக்கு வருவோம். இரண்டாம் தூணில் ஆர்க்டிக் பனி உருகுவது ஒரு அபாயம். நம் பருவமழை, கடல்மட்டம், உணவுப் பாதுகாப்பு எல்லாம் அதோடு பிணைந்திருக்கின்றன. இமயமலையை மூன்றாம் துருவம் என்று அழைத்து, அதன் ஆய்வையும் ஆர்க்டிக் ஆய்வையும் இணைக்க வேண்டும் என்கிறது ஆவணம். இது அதன் மிகச் சிறந்த யோசனை என்றே சொல்வேன். மற்ற நாடுகள் ஆர்க்டிக்கைப் பற்றிப் பேசுவதற்கும் நாம் பேசுவதற்கும் உண்மையான வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மூன்றாம், நான்காம் தூண்களுக்குப் போனால் அதே பனி உருகுவது ஒரு வாய்ப்பு. கனிமங்கள் எட்டும் தூரத்தில் வருகின்றன. புதிய கப்பல் பாதைகள் திறக்கின்றன. நாமும் பங்கெடுக்க வேண்டும். "பொறுப்பான முறையில்" என்ற அடைமொழி கூடவே வருகிறது. இரண்டு நோக்கும் ஒரே அரசுக்கு இருக்கலாம். பெரும்பாலான நாடுகளுக்கு இருக்கிறது. ஆனால் ஒரு நல்ல பிரதி தன் முரண்பாட்டை அறிந்திருக்கும். இந்த ஆவணம் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்றையொன்று பார்ப்பதில்லை. காசு ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்றால் எந்தத் தூணுக்கு முதலில்? பதில் இல்லை.

அப்புறம் வினைச்சொற்கள். வலுப்படுத்துதல், மேம்படுத்துதல், ஊக்குவித்தல், வாய்ப்புகளை ஆராய்தல். ஆங்கில மூலத்தில் இவற்றின் சகோதரிகள் பக்கத்துக்குப் பக்கம் வரிசையில் நிற்கிறார்கள். இந்த வினைகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. இவற்றில் எதுவும் தோற்காது. "இந்த ஃபியோர்டில் வருஷம் முழுக்க, இத்தனை ஆண்டுகளுக்கு உப்புத்தன்மையை அளப்போம்" என்று எழுதினால் அது நடந்ததா இல்லையா என்று பத்து வருஷம் கழித்து ஒரு கல்லூரி மாணவி சரிபார்த்துவிடலாம். "புரிதலை மேம்படுத்துவோம்" என்று எழுதினால் யாராலும் சரிபார்க்க முடியாது. நிறைவேற்றத்துக்கு அமைச்சகங்களுக்கு இடையிலான அதிகாரம்பெற்ற குழு ஒன்று பொறுப்பேற்கும் என்கிறது ஆவணம். எந்தத் தூணுக்கு எவ்வளவு பணம், எந்த ஆண்டுக்குள் என்ற கணக்கு அதில் கிடையாது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கொள்கை வேறு, செயல்திட்டம் வேறு. ஆர்க்டிக் கவுன்சிலில் இந்தியா 2013 முதல் பார்வையாளர் மட்டுமே. எட்டு ஆர்க்டிக் நாடுகளின் வாசலில் நின்று பேசும் விருந்தாளி, சமையலறைக்குள் என்னென்ன செய்வேன் என்று பட்டியல் போட முடியாது. மழுப்பலான மொழி ராஜதந்திரத்தின் தேவை. சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொள்கை தெளிவில்லாமல் இருந்து செயல் தெளிவாக இருந்தால் எனக்கு வழக்கே இல்லை. செயலைப் பார்க்க நாற்பது வருஷ வரலாறு கையில் இருக்கிறது.

4

1981இல் நம்மிடம் துருவக் கொள்கை என்று அச்சடித்த பக்கம் எதுவும் இல்லை. அந்த ஆண்டு ஜூலையில்தான் பெருங்கடல் மேம்பாட்டுத் துறையே உருவானது. டிசம்பர் 6ஆம் தேதி, எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர், நார்வேயிலிருந்து வாடகைக்கு எடுத்த 'போலார் சர்க்கிள்' கப்பலில் கோவாவிலிருந்து கிளம்பினார்கள். பயணம் ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் இறங்கினார்கள். அதன் பிறகுதான் உலகத்துக்குச் சொன்னோம்.

ஏன் இவ்வளவு அவசரம்? அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் சேருவது எளிது. முடிவெடுக்கும் மேசையில் உட்கார வேண்டுமானால் அங்கே கணிசமான அறிவியல் வேலை நடப்பதாகக் காட்ட வேண்டும். நிலையம் அமைப்பதையும் ஆய்வுக்குழு அனுப்புவதையும் அதற்கு உதாரணமாக ஒப்பந்தமே குறிப்பிடுகிறது. இந்தியா 1983 ஆகஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்து, அடுத்த மாதமே அந்த மேசைக்குப் போய்விட்டது. 1956இலேயே அண்டார்க்டிகாவைப் பற்றி ஐ.நா. பொதுச்சபையில் விவாதிக்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்து, நடக்காமல் போன நாடு இது. அந்தப் பின்னணியில் பார்த்தால் 1981 ஒரு பிரமாதமான நகர்வு. மூன்றாவது பயணத்தில், ஒரே கோடைப் பருவத்தில் 'தக்ஷிண் கங்கோத்ரி' கட்டி முடிக்கப்பட்டது. அந்தப் பயணத்தில்தான் முதன்முறையாக இரண்டு இந்தியப் பெண்கள், சுதீப்தா சென்குப்தாவும் அதிதி பந்தும், அங்கே போனார்கள்.

இந்தக் கதையில் 'முதல்' என்ற சொல் எத்தனை தடவை வருகிறது பாருங்கள். முதல் பயணம், முதல் நிலையம், முதல் பெண்கள். இதைச் சொல்லும்போது எனக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. துருவ இலக்கியமே இப்படித்தான். ஸ்காட்டும் அமுண்ட்செனும் ஓடியது யார் முதல் என்பதற்காக. நம்முடைய திட்டம் அந்த வீரகதையின் இலக்கணத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. அந்த இலக்கணத்தில் போய்ச் சேர்வதற்கு வினைச்சொல் உண்டு. அங்கேயே இருப்பதற்குக் கிடையாது.

தக்ஷிண் கங்கோத்ரி பனித்தட்டின் மேல் கட்டப்பட்டது. பனி அதை மூடிக்கொண்டே வந்தது. 1990இல் நிலையமாக இயங்குவதை நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டே ஷிர்மாகர் பாறைவெளியில் 'மைத்ரி' வந்துவிட்டதால் வேலை நிற்கவில்லை. 2012இல் லார்ஸ்மன் குன்றுகளில் 134 கப்பல் கொள்கலன்களைக் கொண்டு கட்டிய 'பாரதி' வந்தது. மைத்ரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹிமாத்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் திறந்தோம். அங்கே குளிர்காலத்தில் தங்கி ஆய்வு செய்ய முதல் இந்தியக் குழு கிளம்பியது 2023 டிசம்பரில். நடுவில் பதினைந்து வருஷம். துருவ இரவில் வளிமண்டலத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் அங்கே நிலையம் வைத்திருப்பதன் பெரிய பயன்களில் ஒன்று. அந்த மாதங்களில் நம் ஆட்கள் ஊரில் இருந்தார்கள்.

கப்பல் கதை இதைவிடச் சோகம். 2014 அக்டோபரில் அமைச்சரவைக் குழு, துருவ ஆய்வுக் கப்பல் ஒன்றை வாங்க 1,051 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பது கணக்கு. டெண்டர் போனது, நிபந்தனைகளில் சிக்கியது, கைவிடப்பட்டது. 2023இல் நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிய கேள்வி வந்தபோது மதிப்பீடு இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. 2025 ஜூனில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம் நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அது நல்ல செய்தி. ஆனால் 1981இல் வாடகைக் கப்பலில் தொடங்கிய திட்டம் நாற்பது வருஷம் தாண்டியும் வாடகைக் கப்பலையே நம்பியிருக்கிறது. ஆர்க்டிக் கொள்கையின் ஆறாம் தூண் பனிக்கடலில் செல்லும் கப்பல்களை உள்நாட்டிலேயே கட்டும் திறனைப் பற்றிப் பேசும்போது, எட்டு வருஷம் முன்பு ஒப்புதல் பெற்ற கப்பல் என்ன ஆயிற்று என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிலில் புது வெளியீட்டை அறிவிப்பதற்கு முன் போன வெளியீட்டில் விட்டுப்போனதைப் பட்டியல் போடுவது வழக்கம். கூச்சமான பட்டியல்தான். ஆனால் அனுபவசாலிகள் முதலில் படிப்பது அதைத்தான்.

5

தொடர்வது என்றால் என்ன என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் இடம் ஹாலி. பிரிட்டனின் ராயல் சொசைட்டி 1956இல் ஒரு பனித்தட்டின் மேல் அமைத்த நிலையம். சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டுக்காகத் தொடங்கியது. அங்கே டாப்சன் நிறமாலைமானி என்ற கருவியை வைத்துத் தலைக்கு மேலே எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று அளந்தார்கள். திரும்பத் திரும்ப, வருஷத்துக்கு வருஷம் அதே வேலை. புவி இயற்பியல் ஆண்டு 1958 கடைசியில் முடிந்துபோனது. அளவீட்டை நிறுத்தவில்லை.

இதற்கு நடுவே ஹாலியின் கட்டடங்கள் என்ன ஆயின தெரியுமா? முதல் நான்கு கட்டடங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிக்குள் புதைந்தன. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டினார்கள். தக்ஷிண் கங்கோத்ரிக்கு ஆன அதே கதிதான். நிலையம் புதையும் என்பது அவர்களுக்குத் திட்டத்தின் ஒரு பகுதி. வரிசை அறுபடக்கூடாது என்பது இன்னொரு பகுதி.

1977இல் ஜோனதன் ஷாங்க்ளின் என்ற இளைஞர் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கையால் எழுதித் தேங்கிக்கிடந்த ஓசோன் அளவீடுகளைக் கணினியில் ஏற்றி, கணக்கிட நிரல் எழுதுவதும் அவர் வேலையில் ஒன்று. சொல்லப்போனால் பழைய தரவை இடம்மாற்றுகிற வேலை. என் துறையில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் கட்டுவது. அந்த வேலையில்தான் ஒவ்வொரு அக்டோபரிலும் எண்கள் குறைந்துகொண்டே வருவது தெரிந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் 300 டாப்சன் அலகு அளவில் இருந்தது, 1984இல் ஏறத்தாழ 200. ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985 மே மாதம் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை.

அதே காலத்தில் நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் மேலிருந்து ஓசோனை அளந்துகொண்டுதான் இருந்தது. 180 அலகுக்குக் கீழே வந்த அளவுகளை அதன் நிரல் சந்தேகத்துக்குரியவை என்று குறியிட்டுத் தள்ளி வைத்தது. தரவு அழிக்கப்படவில்லை. நாசா விஞ்ஞானிகளும் அதை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆனால் இவ்வளவு குறைவாக இருக்க முடியாது என்று நிரலை எழுதியவர்கள் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். ஹாலியின் பழைய கருவிக்குச் சாதகமாக ஒன்று இருந்தது. ஒரே இடத்தில் இருபத்தேழு வருஷம். எது இயல்பு என்று அதற்குத் தெரியும். அதனால் எது இயல்பு இல்லை என்பதைச் சொல்ல முடிந்தது.

இதை ஒரு திட்ட அறிக்கையில் எப்படி நியாயப்படுத்துவீர்கள்? 1975இல் ஒரு அதிகாரி கேட்டிருந்தால், "பதினெட்டு வருஷமா அளக்கிறோம் சார், பெருசா ஒண்ணும் மாறல, இன்னும் பத்து வருஷம் அளக்கணும்" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். எந்த நிதிக்குழு இதற்குக் கையெழுத்துப் போடும்? எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த நிறுவனத்துக்குப் பணம் கூடியதற்கும் ஓசோன் காரணம் இல்லை. 1982இல் ஃபாக்லாந்து தீவுகளுக்காக நடந்த போருக்குப் பிறகு தென் அட்லாண்டிக்கில் கொடி தெரிய வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு நினைத்தது. நம் 1981க்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. எந்த நாடும் சுத்தமான அறிவியல் ஆர்வத்தில் துருவத்துக்குப் போவதில்லை. கொடிக்காக வந்த பணத்தில் கருவியை நிற்காமல் ஓட்டத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

இன்றைய ஹாலி நிலையம் சறுக்குக் கால்களில் நிற்கிறது. பனித்தட்டில் விரிசல் நெருங்கியபோது 23 கிலோமீட்டர் உள்ளே இழுத்துச் சென்றார்கள். 2017 முதல் பாதுகாப்புக்காகக் குளிர்காலத்தில் ஆள் வைப்பதில்லை. கருவிகளைத் தானாக ஓடும்படி மாற்றியிருக்கிறார்கள். மனிதர்கள் போன பிறகும் வரிசை தொடரவேண்டும் என்பதற்காக.

6

அப்படியானால் தொடர்வதைப் பற்றி எழுதும் திட்ட ஆவணம் எப்படி இருக்கும்? வியப்பு என்னவென்றால், அப்படி ஒன்றை நாமே எழுதியிருக்கிறோம்.

1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் நெறிமுறைப்படி, அண்டார்க்டிகாவில் புது நிலையம் கட்ட நினைக்கும் நாடு விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீடு ஒன்றை எழுத வேண்டும். பாரதிக்காக இந்தியா எழுதிய வரைவு 2007இல் புதுதில்லியில் நடந்த ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தில் வைக்கப்பட்டது. இந்த மதிப்பீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நெறிமுறையின் இணைப்பு பட்டியல் தருகிறது. அந்தப் பட்டியலை ஒரு இலக்கிய வடிவத்தின் விதிகள் போலவே படிக்கலாம். என்ன நோக்கம், எந்த இடம், எவ்வளவு காலம். வேறு என்ன வழிகள் இருந்தன? திட்டத்தையே செய்யாமல் விடுவது உட்பட அந்த வழிகளைச் சொல்ல வேண்டும். நம் அறிவில் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறது, எது நிச்சயமில்லை? நிபுணர் அல்லாதவருக்குப் புரியும் சுருக்கம். வரைவைப் பொதுவில் வைத்து, கருத்துச் சொல்ல 90 நாள் அவகாசம்.

செய்யாமல் விட்டால் என்ன என்று எழுதச் சொல்லும் திட்ட வடிவம் வேறெங்கே இருக்கிறது? எங்களுக்குத் தெரியாதது இது என்று ஒரு அரசாங்கம் தன் கைப்பட எழுதவேண்டிய பக்கம் எங்கே இருக்கிறது? இப்படிப்பட்ட வடிவத்துக்குள் உட்கார்ந்தால் நம் அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் வேறு மாதிரி எழுதுகிறார்கள். எரிபொருள், கழிவுநீர், குப்பையைத் திரும்ப எடுத்துவருவது என்று இறங்கிப் பேச வேண்டியிருக்கிறது. வலுப்படுத்துதலும் மேம்படுத்துதலும் அங்கே அதிக தூரம் கைகொடுக்காது. ஆக, எழுதத் தெரியாதது பிரச்சினை இல்லை. கொள்கை அறிக்கை என்ற வடிவம் கஷ்டமான கேள்விகளைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

7

நம் திட்டத்தில் தொடர்பவர்கள் இல்லை என்று நான் சொன்னதாக நினைத்துவிட வேண்டாம். இருக்கிறார்கள், ஆவணங்களில்தான் அவர்களுக்கு இடம் இல்லை. மைத்ரியில் வானிலைத் துறையின் ஆட்களும் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆட்களும் இருட்டிலும் பனிப்புயலிலும் அளவெடுத்திருக்கிறார்கள். இஸ்ரோவின் மங்கள மணி தன் 56ஆம் வயதில் பாரதி நிலையத்துக்குப் போய் 403 நாள் இருந்து செயற்கைக்கோள் தரவைப் பெறும் வேலையைப் பார்த்தார்.

அதேபோல இன்டார்க். காங்ஸ்ஃபியோர்டனில் 192 மீட்டர் ஆழத்தில், 2014 ஜூலையில் கடலடியில் நங்கூரமிட்டு இறக்கிய கருவித் தொகுதி. வடிவமைப்பில் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் நீரோட்டத்தையும் அது குறிக்கிறது. மேலே ஆள் இல்லாத குளிர்காலத்திலும் குறிக்கக்கூடியது. ஆனால் அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, தரவை இறக்கி, பேட்டரி மாற்றி, மறுபடி கடலில் விட வேண்டும். அதற்கு ஒரு கப்பல் வேண்டும். 2014இல் இறக்கியதே நார்வேயின் 'லான்ஸ்' கப்பலின் உதவியோடுதான். இறக்கிய நாளைப் பற்றிச் செய்தி வந்தது. திரும்ப எடுக்கும் நாட்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தரவு என்பது அந்த இரண்டாவது நாளில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு தேசியத் துருவத் திட்டத்தைப் படிக்கும்போது நான் கேட்க நினைக்கும் கேள்விகள் எளிமையானவை. எந்த அளவீட்டை எந்தச் சூழ்நிலையிலும் நிறுத்தமாட்டீர்கள்? அதற்கான பணம் புது அறிவிப்புகளுக்கான பணத்தோடு போட்டி போடாமல் தனியாக இருக்கிறதா? அதைச் செய்யும் இளம் ஆய்வாளருக்கு அடுத்த வருஷம் வேலை இருக்கிறதா? போன திட்டத்தில் சொல்லி நடக்காதது எது? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் தூண் ஐந்தா ஆறா என்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பருவமழைக்கும் ஆர்க்டிக் பனிக்கும் என்ன தொடர்பு என்று சொல்லப்போவது இன்னும் முப்பது வருஷம் கழித்து யாரோ ஒருவர். அவர் கையில் இடைவெளி இல்லாத ஒரு எண் வரிசை இருந்தால்தான் சொல்ல முடியும்.

2024 மே மாதம் கொச்சியில் நடந்த ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தில், மைத்ரி-2 என்ற புது நிலையம் கட்டும் எண்ணத்தை இந்தியா அறிவித்தது. மாட்ரிட் நெறிமுறைப்படி அதற்கும் ஒரு மதிப்பீடு எழுதப்பட வேண்டும். வரைவு பொதுவில் வைக்கப்படும். 90 நாள் அவகாசம் இருக்கும். அறிவிப்பு விழாவின் புகைப்படங்களை எல்லோரும் பகிர்வார்கள், அது நடக்கட்டும். அந்த வரைவையும் இறக்கிப் படியுங்கள். திட்டத்தைச் செய்யாமல் விடுவதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள், தெரியாதவை என்று எதையெல்லாம் பட்டியலிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய மைத்ரியில் இத்தனை வருஷம் ஓடிய கருவிகள் புது இடத்துக்கு மாறும்போது, பழையதும் புதியதும் சில காலம் சேர்ந்து ஓடுமா என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வரி இல்லை என்றால், ஏன் இல்லை என்று எழுதிக் கேட்கலாம். அதற்குத்தான் அந்த 90 நாள்.